சுண்ணாம்புக் கோடு இல்லாத குவியல்கள்

மெல்பேர்ணில் நான் வேலை பார்த்த வீதி அலுவலகத்தின் தேநீர் அறையில் ஒரு பழைய பிரிட்ஜ் இருந்தது. அதற்குள் எட்டுப் பத்துப் பேருடைய பால் போத்தல்கள் நிற்கும். என்னுடைய போத்தல் எதுவென்று எல்லாருக்கும் தெரியும். பால் எந்த மட்டத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் மெழுகுப் பென்சிலால் ஒரு கோடு கீறிவைப்பேன். கூட வேலை செய்த வெள்ளைக்காரர்கள் அதைக் கண்டு சிரித்தார்கள். ஒருநாள் அவர்களில் ஒருவன் என் போத்தலில் தன்னுடைய பாலை ஊற்றி, கோட்டுக்கு மேலே மட்டத்தை உயர்த்திவைத்தான். அதை நான் பகிடியாக எடுக்கவில்லை. ஏன் ஊற்றினான் என்று இரண்டு நாள் யோசித்துவிட்டு, முழுப் பாலையும் தொட்டிக்குள் கவிழ்த்தேன்.

அந்தக் கோட்டின் பூர்வீகம் வன்னிக் காடு. இலங்கையில் பதினொரு வருடம், சரளை மண் பரப்பிய கிறவல் வீதிகளை மேற்பார்வை செய்யும் ஓவசியராக இருந்தவன் நான். ஒப்பந்தம் எடுத்த கொந்தராத்துக்காரர் கிறவலைக் கொண்டுவந்து வீதியோரத்தில் குவியல் குவியலாகக் கொட்டுவார். ஓவசியர் நாடா பிடித்து அளந்து, புத்தகத்தில் எழுதி, கடைசியில் வாளியில் சுண்ணாம்பைக் கரைத்துக் குவியலின் மேல் குறுக்கே ஒரு கோடு ஊற்றவேண்டும். கோடு விழுந்தால் அது அளந்த குவியல். யாராவது ஒரு கூடை அள்ளினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். ஐந்தாம் கட்டையில் அளந்த குவியலை ஆறாம் கட்டைக்கு உரியது என்று இரண்டாம் முறை காட்டவும் முடியாது. மைலைத்தான் நாங்கள் கட்டை என்போம். கொந்தராத்துக்காரரை நம்பாதே, வண்டிக்காரரை நம்பாதே, நேற்று நீ அளந்ததை இன்று நீயே நம்பாதே. இதுதான் நான் படித்த தொழில். பதினொரு வருடம் மற்றவர்களைச் சந்தேகிக்கச் சம்பளம் வாங்கியவனுக்கு விமானம் ஏறினவுடன் குணம் மாறிவிடுமா?

எழுபதுகளின் நடுவில், எங்கள் நிறத்தவருக்கும் அவுஸ்திரேலியா கதவைத் திறந்துவிட்டது என்று கேள்விப்பட்டு மனைவியோடு வந்து சேர்ந்தேன். கதவு திறந்ததையும் நான் சந்தேகித்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நகருக்கு வெளியே டண்டினொங்கில் ஒரு சின்னப் பிளாட். மனைவிக்குப் பக்கத்திலேயே, டின்னில் பழம் அடைக்கும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நான் ரயிலேறி நகரத்துக்குப் போய், அலுவலகத்தின் மண் பரிசோதனைக் கூடத்தில் அரிதட்டு வைத்துக் கிறவல் அரித்தேன். அதுவும் தற்காலிக வேலை. "இவ்வளவு தூரம் பறந்து வந்து திரும்பவும் கிறவலோ?" என்று அவள் சிரிப்பாள்.

பக்கத்து வீட்டு இத்தாலியர் தன் மரத்து எலுமிச்சங்காய்களைக் கடதாசிப் பையில் போட்டு எங்கள் வாசலில் வைத்துவிட்டுப் போவார். எதை எதிர்பார்த்து வைக்கிறார் என்று தெரியும்வரை தொடவேண்டாம் என்றேன். நான் வேலையால் வருவதற்குள் அவள் ஊறுகாய் போட்டு முடித்திருந்தாள். அவர் எதையும் எதிர்பார்க்கவில்லை என்பது எனக்கு உறுதியாக இரண்டு வருடம் சென்றது.

அப்போதுதான் அந்தக் கூட்டுத் திட்டம் வந்தது. மழை தொடங்கினால் ஊர்கள் துண்டுபட்டுப் போகிற நான்கு நாடுகள் அதில் சேர்ந்திருந்தன. அவுஸ்திரேலியா, தாய்லாந்து, பப்புவா நியூகினி, பிறகு எங்கள் இலங்கை. தார் காணாத வீதிகளை எப்படிப் பேணுவது என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்து, எல்லாருக்கும் பொதுவாக ஒரு கைநூல் எழுதுவது நோக்கம். முடிவில், தங்கள் வீதியைத் தாங்களே நன்றாகப் பேணிக் காட்டுகிற ஒரு மாவட்டத்துக்கு அவுஸ்திரேலியா ஒரு கிரேடர் அனுப்பும். கிரேடர் என்பது வீதியைச் சீவி மட்டமாக்குகிற பெரிய இயந்திரம். அது கையில் இருந்தால் ஐம்பது பேர் ஒரு மாதம் வெட்டுவதை இரண்டு நாளில் முடிக்கலாம். வன்னியில் நான் இருந்த காலம் முழுவதும் அப்படி ஒன்று எங்களுக்குக் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன்.

ஒருநாள் எங்கள் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டு இலங்கைக் கோப்பை மேசையில் வைத்தார். ஆறடி உயரம், வெயிலில் சிவந்த கழுத்து, அதிகம் பேசாத மனிதர்.

"உமக்கு அந்தப் பகுதி தெரியும். இதில் எழுதியிருப்பது உண்மையா என்று பார்த்துச் சொல்லும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் என்னுடைய வேலையை நிரந்தரமாக்கும் முடிவும் அடுத்த மாதம் அவருடைய கையில்தான் இருந்தது. சொந்த நாட்டுக்காரனுக்குப் பக்கம் சாய்கிறேனா என்று என்னைச் சோதிக்கிறார் என்று நினைத்தேன். அப்படி அவர் நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் நினைத்தேன், அது போதுமாக இருந்தது.

கோப்பைத் திறந்தால், நான் வேலை பார்த்த அதே வீதி. காட்டுக்குள்ளால் பதினாலு கட்டை போய்க் கடற்கரையில் ஒரு மீன்பிடி ஊரில் முடியும். அங்கே ஒரு சின்ன ஆஸ்பத்திரி உண்டு. அறிக்கையை எழுதியிருந்தவர் என்னிடம் பொறுப்பை வாங்கிக்கொண்டு அந்த வீதிக்கு வந்த இளைய ஓவசியர். பதினாலு கட்டைக்கும் கிறவல் போட்டாயிற்று, வடிகான் எல்லாம் வெட்டியாயிற்று, கடந்த மாரியில் பஸ் ஒருநாளும் நிற்கவில்லை என்று எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. என்னுடைய காலத்தில் மாரி பிறந்தால் பஸ் ஐந்தாம் கட்டையோடு திரும்பிவிடும். பிள்ளைப்பேற்றுக்காரியைக் கதிரையில் வைத்துத் தூக்கிக்கொண்டு சேற்றில் நடப்பார்கள்.

கூடவே ஒன்பது படங்கள் இருந்தன. பரிசோதனைக் கூடத்து லென்ஸை எடுத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். வீதியோரத்தில் கிறவல் குவியல்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒன்றிலும் சுண்ணாம்புக் கோடு இல்லை.

என் கண்ணில் அது ஏன் உடனே பட்டது என்றால், ஒருமுறை அப்படிக் கோட்டை அழித்தவனே நான்தான். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள், ஆறாம் கட்டைக்குக் கிறவல் வந்து சேரவில்லை. கொந்தராத்துக்காரரோ பெரிய இடத்துக்கு வேண்டியவர். ஐந்தாம் கட்டைக் குவியல்களின் கோட்டைத் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லி, அவற்றையே ஆறாம் கட்டைக்கு என்று இரண்டாம் முறை அளந்து கையெழுத்து வைத்தேன். ஆறாம் கட்டையில் மேலாக மண்ணைத் தூவி மறைத்தார்கள். நான் கைநீட்டி ஒன்றும் வாங்கவில்லை, பயத்தில் செய்தேன். யாரும் கண்டுபிடிக்கவில்லை. தன்னைப்போல் பிறரையும் நினை என்று பெரியவர்கள் சொன்னதை நான் இந்த விதமாகத்தான் கடைப்பிடித்தேன்.

மூன்று வசனத்தில் குறிப்பு எழுதினேன். படங்களில் உள்ள குவியல்களில் அளவைக் கோடு இல்லை. எங்கள் வழக்கப்படி கோடு இல்லாத குவியலை எத்தனை தரமும் காட்டலாம். ஆகவே இந்த அறிக்கையை நம்ப முடியாது.

தலைவர் இரண்டு முறை வாசித்தார். "நீர் கவனமான ஆள்" என்றார். அந்தச் சொல் எனக்கு இனித்தது, பொய் சொல்லமாட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவள் நிமிராமலே கேட்டாள்.

"அந்த ஓவசியருக்கு ஒரு கடிதம் போட்டு ஏன் கோடில்லை எண்டு கேட்டனீங்களோ?"

"கள்ளனிட்ட கடிதம் போட்டுக் கேட்டா, ஓம் நான்தான் எண்டு எழுதுவானோ? பாம்பின் கால் பாம்பறியும்."

"அப்ப நீங்களும் பாம்புதானே."

ஆறாம் கட்டைக் கதை அவளுக்குத் தெரியாது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"தாய்லாந்துப் பைலையும் இப்பிடி லென்ஸ் வைச்சுப் பார்த்தவையோ?" என்றாள் பிறகு.

"அது என்ர வேலை இல்லை. நீர் சமையலைப் பாரும்."

ஆடி மாதக் குளிரில் நான்கு நாட்டவரும் கூடுகிற கூட்டம் மெல்பேர்ணில் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை கிரேடர் யாருக்கு என்று அறிவிப்பார்கள். இலங்கையிலிருந்து அந்த இளைய ஓவசியரையே அனுப்பியிருந்தார்கள். என்னுடைய குறிப்பைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கூட்டம் தொடங்குவதற்கு முதல் ஞாயிறு, மத்தியானச் சாப்பாட்டுக்கு மனைவி அவரை வீட்டுக்குக் கூப்பிட்டாள். நான் வேண்டாம் என்றேன். "ஊரிலயிருந்து வந்த ஆளை ஹோட்டல்ல விடுறதோ?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

யாரோ கொடுத்த பெரிய குளிர்ச்சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் வந்தார். கைகள் அதற்குள் மறைந்து கிடந்தன. வாசலிலேயே ஒரு பொட்டலத்தை நீட்டினார். என் மனைவியின் தமக்கை கொடுத்தனுப்பிய மிளகாய்த்தூள்.

"பிளேனால இறங்கின இடத்தில பிரிச்சு மணந்து பார்த்தவை அக்கா. ரெண்டு ஒப்பிசர்மாரும் தும்மித் தும்மி விட்டிட்டினம்" என்றார்.

இரண்டு வருடம் கடைக் கறித்தூளின் மஞ்சள் மாவையே தின்றிருந்த அவள் பொட்டலத்தை மூக்கில் வைத்துக்கொண்டு கண் கலங்கினாள். நானோ, இது லஞ்சத்தில் சேருமா சேராதா என்று யோசித்தேன்.

சாப்பிடும்போது அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இலங்கைக் கோப்பு பற்றிக் கேட்பார், மெல்ல நூல் விடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அப்படி ஒன்றும் கேட்கவில்லை. "அண்ணை, நீங்க இஞ்ச இருக்கிறியள் எண்டு கேள்விப்பட்ட உடன எனக்குப் பெரிய நிம்மதி. அந்த றோட்டை அறிஞ்ச ஒரு ஆள் இருக்கிறாரே" என்றார். கடைசியில் கேள்வியை நானே போட்டேன்.

"ஏன் தம்பி, ஊரில இப்ப சுண்ணாம்புக்கும் தட்டுப்பாடோ?"

"இல்லையே. ஏன் அண்ணை?"

"படத்தில குவியல் எல்லாம் கோடில்லாமல் கிடக்குது."

அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"கோடு ஏன் அண்ணை? ஆருக்கு அளந்து காட்டுறது? நீங்க போன கையோட கொந்தராத்தும் நிண்டிட்டுது. எங்கட வீதிக் கந்தோரில கேட்டா, காசு ஒதுக்கீடு இல்லை எண்டிட்டினம். போன முந்தின மாரி ஆஸ்பத்திரிக்குப் போற வழியில ஒரு பொம்பிளை செத்துப்போச்சுது. அதுக்குப் பிறகு ஊர்ச் சனம் கூடினது. ஏழு ஊர். ஊருக்கு ரெண்டு கட்டை எண்டு பிரிச்சுக் குடுத்தன். எல்லாம் சிரமதானம்தான். தங்கட தங்கட வண்டிலில கிறவல் ஏத்தி வந்து தாங்களே கொட்டிப் பரவினவை. ஒருத்தருக்கும் கூலி இல்லை. கூலி இல்லாத இடத்தில அளவென்ன, கோடென்ன? தாங்கள் கொட்டின கிறவலைத் தாங்களே களவெடுப்பினமோ?"

மனைவி கறிக் கரண்டியோடு நின்று என்னையே பார்த்தாள். நான் அவளைப் பார்க்கவில்லை.

சிரமதானம் எனக்குத் தெரியாத சங்கதியா? கோயில் கேணி, பள்ளிக்கூட வளவு என்று எத்தனை இடத்தில் நானே மண்வெட்டி பிடித்திருக்கிறேன். ஆனால் வீதிக்குவியலைக் கண்டால் எனக்குக் கொந்தராத்துத்தான் நினைவுக்கு வரும். சனம் தாங்களாகக் கொட்டியிருக்கலாம் என்பது என் புத்தியில் எட்டியும் பார்க்கவில்லை. அப்போதும் எனக்குள் இருந்த ஓவசியர் சும்மா இருக்கவில்லை. இவன் நன்றாகக் கதை சொல்லுகிறான், கிண்டிப் பார் என்றான்.

"எந்தக் கட்டைதான் கஷ்டமாய் இருந்தது?" என்று கேட்டேன்.

"ஆறாம் கட்டை அண்ணை" என்றார் உடனே. "வெட்டிப் பார்த்தா அடியில கிறவலே இல்லை. ஆரோ போடாமலே விட்டிருக்கினம். அந்த ஊர்ச் சனம் மற்றவையை விட ரெண்டு மடங்கு சுமந்தது. பொம்பிளையளும் கடகத்தில சுமந்தவை."

சொல்லிவிட்டு ஊறுகாயை இன்னும் கொஞ்சம் போட்டுக்கொண்டார். அவருடைய முகத்தை உற்றுப் பார்த்தேன். போடாமல் விட்டது யாரென்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? புத்தகத்தில் என் கையெழுத்து இருக்கிறது. பொறுப்பை வாங்கியபோது அவர் அதைப் பார்த்திருக்கவேண்டும். அந்த முகத்தில் எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

அவர் போன பிறகு மனைவி கோப்பைகளைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நாளைக்கு முதல் வேலையாய்ப் போய் அந்தக் குறிப்பைத் திருப்பி எடுங்கோ."

"ஓம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை ரயிலில் முழு வழியும் சொல்லவேண்டியதை ஆங்கிலத்தில் அடுக்கிக்கொண்டு போனேன். தலைவரின் கதவைத் தட்டினேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே அவர் எழும்பி வந்து கைகொடுத்தார். என்னை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதிவிட்டாராம், இந்தக் கிழமையே கடிதம் வருமாம். சொந்த நாட்டு அறிக்கையைக்கூட தயவு தாட்சணியம் இல்லாமல் பார்த்ததை அதில் சேர்த்து எழுதியிருக்கிறாராம்.

நான் நன்றி சொன்னேன். பிறகு, "அந்தக் குவியல்களுக்கு வேறு காரணமும் இருக்கலாம்" என்றேன்.

"நீர் எழுதியதில் பிழை இருக்கிறதா?"

அவர் கேட்டது நேர்மையான கேள்வி. பிழை இருக்கிறது, நான் விசாரிக்காமல் எழுதினேன் என்று ஒரு வசனம் சொன்னால் போதும். ரயிலில் பாடமாக்கிய வசனம் அது. மனைவி தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று நின்று வீங்கிப்போன கால்களை நினைத்தேன். இப்படி நினைத்தேன் என்று எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவளா என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னாள்? எனக்குப் பயம், அவ்வளவுதான். ஆறாம் கட்டையில் வந்த அதே பயம்.

"கோடு இல்லை என்பது சரிதான்" என்றேன்.

"அப்படியானால் அப்படியே இருக்கட்டும்" என்று அவர் தன் மேசைக்குத் திரும்பினார்.

வெள்ளிக்கிழமை கிரேடர் வேறு நாட்டுக்குப் போயிற்று. அவர்களும் தேவைப்பட்டவர்கள்தான், அதில் எனக்குக் குறை இல்லை. பின்னேரம் இளைய ஓவசியர் என் அலுவலகத்துக்கு விடைபெற வந்தார். மனைவி அவருடைய பிள்ளைகளுக்கு என்று கொடுத்தனுப்பிய உடுப்புப் பையை வாங்கிக்கொண்டார்.

"எங்களுக்குக் கிடைக்கேல்லை அண்ணை. பரவாயில்லை. கை இருக்குதுதானே" என்றார். பிறகு படியில் கொஞ்சம் நின்றார். "ஏன் எண்டு உங்களுக்கு ஏதும் தெரியுமோ?"

"தெரியாது தம்பி."

"சரி அண்ணை. போட்டு வாறன்."

தலைவரோடு கதைத்தேன் என்று மட்டும் திங்களன்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். வெள்ளி இரவு அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நிரந்தரக் கடிதம் வந்தபோது அதை வாசித்துப் பார்த்து மடித்து மேசை லாச்சிக்குள் வைத்தாள். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றிப் பகிடி விடுவதை நிறுத்திவிட்டாள். அவளுடைய பகிடி இல்லாத வீடு எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

அடுத்த வருடம் ஒரு கடிதம் வந்தது. உள்ளே ஒரு படமும் இருந்தது. ஓவசியர் எழுதியிருந்தார்.

"அண்ணை, குவியலில கோடு இல்லாதபடியால்தான் எங்களுக்குத் தரேல்லை எண்டு கந்தோருக்கு எழுதியிருக்கினம். சனத்துக்குச் சொன்னன். அடுத்த முறைக்கு எண்டு இந்தத் தரம் எல்லாக் குவியலும் அளந்து கோடு அடிச்சிருக்கிறம். ஆனா ஒரு சங்கடம். அளக்கத் தொடங்கினபிறகு ஒரு ஊர் மற்ற ஊரின்ர குவியலை எட்டிப் பார்க்குது. நாங்கள் கூட, அவை குறைய எண்டு பேச்சு வந்திட்டுது. ரெண்டு ஊர்ச் சனம் இப்ப வாறேல்லை. பஸ் திரும்பவும் ஐஞ்சாம் கட்டையோட நிக்குது."

படத்தில் குவியல்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் மேலும் வெள்ளையாக ஒரு கோடு. என் கை பழக்கத்தில் லென்ஸைத் தேடி எடுத்தது. இடமிருந்து நாலாவது குவியலில் கோடு உடைந்திருந்தது. யாரோ ஒரு கூடை அள்ளியிருக்கிறார்கள்.

அன்றைக்கே உட்கார்ந்து பதில் எழுதினேன். அந்தக் குறிப்பை எழுதினது நான், ஆறாம் கட்டைக்குக் கிறவல் போடாமல் கையெழுத்து வைத்ததும் நான், கோட்டை அழித்துவிட்டுச் சனத்தைத் திரும்பக் கூப்பிடு தம்பி என்று எழுதினேன். மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முத்திரை ஒட்டித் தானே கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டாள். தலைவரிடம் நான் சொல்லவில்லை. அவர் ஓய்வுபெற்றுப் போகும்வரை சொல்லவில்லை.

பதில் வரவில்லை. ஒரு மாதம் பார்த்தேன், மூன்று மாதம் பார்த்தேன். கொழும்பில் கடிதங்களை உடைத்துப் பார்க்கிறார்களாம் என்றேன். முத்திரை குறைவாக இருந்திருக்கும் என்றேன். வன்னித் தபால்காரர் மழையில் பையைத் தவறவிட்டிருப்பார் என்றேன். ஒருநாள் காலை, வேலைக்குப் புறப்படுகிற நேரத்தில், எங்கள் தெருத் தபால்காரரையும் குற்றம் சொல்லத் தொடங்கியபோது மனைவி சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டு சொன்னாள்.

"கடிதம் போய்ச் சேர்ந்திட்டுதப்பா."